உலையை நிறுத்துவது எளிது, அப்புறம்தான் வேலை

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கல்பாக்கத்தில் கனநீர் உலைகளில் (கனநீர் என்பது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) ஷிப்ட் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று இப்போது குழித்துறையில் வசிப்பவர். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கடிதங்களில் அணு உலை பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

*கூடங்குளமே கரண்ட் தயாரிக்கிற இடம். அதற்கு எதற்கு வெளியிலிருந்து கரண்ட்? எங்கள் பக்கம் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது வரும் என்றே தெரியாது. அங்கேயும் அப்படிப் போனால்?*
— வாசகி, மார்த்தாண்டம்

அம்மா, வந்த கடிதங்களில் முதலில் பதில் சொல்ல வேண்டியது உங்களுடையதுதான். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி போடுவதை நிறுத்தினால் கொதிகலன் தானாக ஆறிவிடும். அணு உலை அப்படி இல்லை. யுரேனியம் பிளக்கும் தொடர்வினையைச் சில விநாடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால் ஏற்கெனவே பிளந்ததில் பிறந்த துண்டுகள் தாமும் சிதைந்துகொண்டே சூடு கொடுக்கும். அதை நிறுத்த உலகத்தில் எந்த சுவிட்சும் இல்லை.

கணக்காகச் சொல்கிறேன். கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத் திறன் 3000 மெகாவாட். அதில் 1000 மெகாவாட்தான் மின்சாரமாகிறது. முழுத் திறனில் ஓடும்போது நிறுத்தினால், அந்த நொடியில் மிச்சம் இருப்பது ஆறேழு சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவுக்குச் சூடு. ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும். மறுநாள் இதே நேரத்தில் அரை சதவீதம். அரைதானே என்று விட்டுவிட முடியாது. அது 15 மெகாவாட். முப்பந்தலில் எந்தக் காற்றாலையும் ஒற்றையாக நின்று அவ்வளவு தராது. இந்தச் சூட்டை எடுக்கத் தண்ணீர் சுற்ற வேண்டும், தண்ணீர் சுற்றப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். உலை நின்றுவிட்டதால் சொந்தக் கரண்ட் இல்லை. எனவே வெளி லைன்; அதுவும் போனால் டீசல் ஜெனரேட்டர்; அதற்கும் பின்னால் பேட்டரி.

2011 மார்ச் 11-ம் தேதி புகுஷிமாவில் இந்த வரிசை முழுக்க அறுந்தது. நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. வெளி லைன் போனது, டீசல்கள் கிளம்பின. அதுவரை எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கடல் ஏறி வந்து டீசல்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அங்கே முதலாம் உலையில் பம்பே தேவைப்படாத ஒரு குளிர்விப்பான் இருந்தது. உலையின் நீராவி மேலே ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் குழாய்களுக்கு ஏறும். அங்கே தண்ணீராகித் தன் எடையிலேயே இறங்கி உலைக்குத் திரும்பும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் குழாய்களின் வால்வுகள், கட்டுப்பாட்டு மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. குழாய் உடைந்தால் கதிரியக்கம் வெளியே போய்விடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. வேண்டிய நேரத்தில் அந்தக் குளிர்விப்பான் வேலைக்கு வரவில்லை.

அதனால்தான், புதிய உலை, நவீன உலை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இது: கரண்ட் போனால் வால்வு எந்தப் பக்கம் விழும்? கூடங்குளத்தில் நீராவி, உலைக் கட்டடத்துக்கு வெளியே இருக்கும் காற்றுக் குளிர்விப்பான்களுக்கு ஏறி, தண்ணீராகி இறங்குகிறது. காற்று நுழையும் மடல்களைக் கரண்ட்தான் மூடி வைத்திருக்கிறது. கரண்ட் போனால் மடல் திறந்துகொள்ளும். மழையோ வெயிலோ, காற்று இருக்கும்வரை அது வேலை செய்யும். இந்த ஒரு விஷயத்தில் அந்த வடிவமைப்பாளர்களுக்கு என் கும்பிடு.

*ஆரியங்காவு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன் நான். இறக்கத்தில் பிரேக் போனால் கியரைக் குறைப்போம், கை பிரேக் பிடிப்போம், கடைசியில் மலைச்சுவரில் உரசி நிறுத்துவோம். உலையில் பிரேக் போனால் என்ன செய்வீர்கள் அண்ணாச்சி?*
— ஓய்வு பெற்ற ஓட்டுநர், செங்கோட்டை

உங்கள் கேள்விக்குள்ளேயே எங்கள் தொழிலின் விதி இருக்கிறது: ஒரு பிரேக் கெட்டுப்போன அதே காரணத்தால் இன்னொரு பிரேக் கெட்டுப்போகக் கூடாது.

முதலில், உலையை ஏன் மனிதனால் ஓட்ட முடிகிறது என்று சொல்லிவிடுகிறேன். யுரேனியம் பிளக்கும்போது வரும் நியூட்ரான்கள்தான் அடுத்த யுரேனியத்தைப் பிளக்கும். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கணமே வந்துவிடும். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.65 சதவீதம் மட்டும் சில விநாடிகள், சில சமயம் ஒரு நிமிஷம்வரை தாமதித்து வரும். உலையின் ஏற்ற இறக்கத்தை அந்தச் சோம்பேறி நியூட்ரான்களின் கையில் விட்டுவைப்பதுதான் வடிவமைப்பின் சாமர்த்தியம். இயற்கை இந்த அரைச் சொச்சம் சதவீதத்தைத் தராமல் இருந்திருந்தால் கல்பாக்கமும் இல்லை, எனக்குப் பென்ஷனும் இல்லை.

இனி பிரேக். கல்பாக்கத்தில் 1983-லும் 1985-லும் ஓடத் தொடங்கிய இரண்டு உலைகளில் அவசரமாக நிறுத்தும் முறை வேறு மாதிரி. கலாண்ட்ரியா என்ற பெரிய கலனில் கனநீர் நிற்கும். அந்தக் கனநீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைத்தால்தான் யுரேனியம் பிளக்கும். ஹீலியம் வாயுவின் அழுத்தம் அந்தக் கனநீரைக் கீழே விழாமல் தாங்கி நிற்கும். ‘ட்ரிப்’, அதாவது உடனே நிறுத்து என்ற உத்தரவு, வந்தால் வால்வுகள் திறந்து, மேலும் கீழும் வாயு அழுத்தம் சமமாகிவிடும். தாங்க ஆள் இல்லாத கனநீர் மொத்தமும் அடியில் இருக்கும் டம்ப் டேங்குக்குள் இறங்கிவிடும். உலை நின்றுவிடும். பார்க்க எளிமை. ஆனால் இரண்டு குறை. தண்ணீர் விழ நேரம் எடுக்கும். அதைவிட முக்கியம், குழாய் உடைந்து எரிபொருள் காய்கிற நாளில் சுற்றி நின்று சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய கனநீரை நாமே கீழே கொட்டியிருப்போம்.

அடுத்து வந்த உத்தரப் பிரதேசத்து நரோராவில், 1989-ல், இதை மாற்றினார்கள். கனநீர் கலனிலேயே இருக்கும். நிறுத்துவதற்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள்: ஒன்று, மேலிருந்து விழும் காட்மியத் தண்டுகள், மற்றது, குழாய்களுக்குள் பாயும் போரான் கலந்த திரவம். காட்மியம், போரான் இரண்டுமே நியூட்ரானைத் தின்பவை. ஒன்று திடப்பொருள், ஒன்று திரவம். தண்டு வளைந்து சிக்கினாலும் திரவத்துக்கு அந்த நோய் வராது. இவை போக, மேலே ஒரு தொட்டியில் போரான் கரைசல். வால்வைத் திறந்தால் தன் எடையில் கனநீருக்குள் இறங்கும்.

இந்தக் கடைசி ஏற்பாடு காகிதத்தில் மட்டும் இருந்ததில்லை. 1993 மார்ச் 31, விடியலுக்கு முந்தைய நேரம். நரோராவில் டர்பைனின் இறக்கைத் தகடுகள் இரண்டு முறிந்தன. அதிர்ச்சியில் ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து, எண்ணெயோடு சேர்ந்து பற்றிக்கொண்டது. தீ கேபிள் தட்டுகள் வழியே ஓடியது. கட்டுப்பாட்டு அறையில் புகை. ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 17 மணி நேரம் நிலையத்தில் கரண்ட் இல்லை. உலை அதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அது நின்றதாகவே இருக்கிறதா என்று காட்டும் கருவிகள் இருட்டில். அப்போது சிலர் டார்ச் விளக்கோடு உலைக் கட்டடத்தின் உச்சிக்குப் படியேறி, கையாலேயே வால்வைத் திருகிப் போரானை இறக்கினார்கள். இன்னொரு பக்கம் டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்பைக் கிளப்பி உலையின் சூட்டை வாங்கி நீராவி தரும் ஸ்டீம் ஜெனரேட்டருக்குத் தண்ணீர் விட்டார்கள். சூடான கனநீர் மேலே ஏறி, குளிர்ந்து இறங்கி, பம்பு இல்லாமலே உலைக்குள் சுற்றியது. கதிரியக்கம் வெளியே போகவில்லை. அந்த வால்வு கைக்கு எட்டுகிற இடத்தில், கைச்சக்கரத்தோடு இருந்ததே, அதை வரைந்தவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நான் புதிய பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது வேறு எதை விட்டாலும் இதை விட்டதில்லை.

செர்னோபிலில் பிரேக்கே ஆக்சிலேட்டர் ஆன கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த வகை உலையில் கட்டுப்பாட்டுத் தண்டின் நுனியில் கிராபைட் இருந்தது. முழுக்க வெளியே இழுத்த தண்டை உள்ளே விட்டால், முதல் சில விநாடிகள் உலையின் அடிப்பகுதியில் வினை கூடும். தண்டு முழுக்க இறங்கப் பதினெட்டு, இருபது விநாடி வேறு. போதாததற்கு, தண்ணீர் ஆவியாக ஆகத் திறன் ஏறும் சுபாவம். 1986 ஏப்ரல் 26-ல் மூன்றும் சேர்ந்துகொண்டன. கூடங்குளத்தில் தண்ணீர் ஆவியானால் திறன் இறங்கும், சுபாவமே எதிர். நம் கனநீர் உலைகளில்? சிறிதளவு ஏறும். மறைக்க ஒன்றுமில்லை, அதனால்தான் நரோரா முதல் அவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு வேக பிரேக்.

*கூடங்குளம் உலைக்கு அடியில், உருகி விழுவதைப் பிடிக்க ஒரு பெரிய பாத்திரம் வைத்திருக்கிறார்கள் என்றேன். ‘விழாது என்றால் எதற்குப் பாத்திரம்?’ என்று நண்பன் மடக்கிவிட்டான். என்ன பதில் சொல்வது சார்?*
— மெக்கானிக்கல் மாணவர், பாறசாலை

உங்கள் நண்பன் கெட்டிக்காரன், ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டிருக்கிறான். விழவே விழாது என்று சொல்லிப் பாத்திரம் வைக்காதவரிடம்தான் அவன் சண்டை போட வேண்டும்.

அதன் பெயர் கோர் கேச்சர். இந்த வகை உலைகளில் முதலில் சீனாவின் தியான்வானில் வைத்தார்கள், பிறகு கூடங்குளத்தில். வெறும் இரும்புப் பாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இரும்பு ஆக்சைடும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த கற்கள் அடுக்கியிருக்கும். அவை உருகிக் கரைந்துபோவதற்கென்றே இருப்பவை. காரணம் அழகானது. யுரேனியம் ஆக்சைடு 2800 டிகிரிக்கும் மேலே உருகும் சரக்கு, கனமும் அதிகம். உருகி விழுந்தால் அது அடியில் தங்கும். உருகிய எஃகும், எரிபொருளை அடைத்திருந்த குழல்களின் சிர்கோனிய உலோகமும் மேலே மிதக்கும். அந்த உலோகத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பும், புகுஷிமாவில் கூரையைப் பிய்த்த அதே ஹைட்ரஜன். இந்தக் கற்கள் கரைந்து யுரேனியத்தோடு கலந்தால் அந்தக் கலவை லேசாகி மேலே வரும். உலோகம் அடிக்குப் போய்விடும். இரும்பு ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் சிர்கோனியத்தையும் அமைதிப்படுத்திவிடும். பிறகு மேலே தண்ணீர் விடலாம். மறுபடி தொடர்வினை கிளம்பாமலிருக்க கடோலினியம் ஆக்சைடும் கலந்திருக்கிறார்கள்.

1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் உலையின் உட்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது. உருகியதில் ஒரு பங்கு கலனின் அடிவரை வந்து நின்றது. கலன் தாங்கிவிட்டது. அங்கே விபத்தின் வேர் ஒரு வால்வு. திறந்த வால்வு மூடவில்லை. பலகையில் இருந்த விளக்கோ, ‘மூடு’ என்ற உத்தரவு போய்விட்டதைக் காட்டியதே தவிர, வால்வு மூடியதா என்று காட்டவில்லை. நண்பனிடம் இதையும் சொல்லுங்கள். பாத்திரத்தைப் பற்றிக் கேட்பதைவிட விளக்கைப் பற்றிக் கேட்கிறவன்தான் நல்ல என்ஜினியர் ஆவான்.

*சூடான தண்ணீரைக் கடலில் விடுகிறார்களே, மீன் என்ன ஆகும்?*
— வள்ளத் தொழிலாளி, கொல்லங்கோடு

அது டர்பைனுக்குப் பின்னால் நீராவியைத் தண்ணீராக்கும் கண்டென்சரைக் குளிர்வித்த கடல் தண்ணீர். உலைக்குள் சுற்றிய தண்ணீர் வேறு, இரண்டும் கலப்பதில்லை. எடுத்த தண்ணீரைவிட ஏழு டிகிரிக்கு மேல் சூடாக விடக் கூடாது என்பது விதி. வாய்க்கால் முகத்தில் எந்த மீன் வரும், எது விலகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கு உங்கள் ஆட்களிடமும் கேட்டு எழுதப்பட வேண்டும் என்பது என் கட்சி.

*எங்கள் மணலில் தோரியம் இருக்கிறது, உலகத்துக்கே கரண்ட் கொடுக்கலாம் என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். உலைதான் வந்தபாடில்லை.*
— கடைக்காரர், மணவாளக்குறிச்சி

தோரியம் தானாகப் பிளக்காது. அதை உலைக்குள் வைத்து நியூட்ரான் ஊட்டினால் யுரேனியம்-233 ஆகும், அதுதான் எரியும். ஊட்டுவதற்கு முதலில் வேறு எரிபொருள் வேண்டும். ஆகவேதான் ஹோமி பாபா மூன்று படிகள் போட்டார்: முதலில் கனநீர் உலை, அதில் வரும் புளுட்டோனியத்தில் வேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனும் உலை), கடைசியில் தோரியம். நாம் இரண்டாம் படியில் கால் வைத்துக்கொண்டிருக்கிறோம். கல்பாக்கத்தில் ‘காமினி’ என்று ஒரு சிறிய உலை 1996 முதல் யுரேனியம்-233-ல் ஓடியிருக்கிறது. திறன் 30 கிலோவாட்தான். இன்னொரு தொல்லை, அதோடு ஒட்டிக்கொண்டே வரும் யுரேனியம்-232. அதன் சந்ததிகள் வீசும் காமாக் கதிர் கடுமையானது, கையுறைப் பெட்டியில் வேலை செய்ய முடியாது. கனமான சுவருக்குப் பின்னால் இருந்து கருவிக் கையால் எரிபொருள் செய்ய வேண்டும். செலவு அங்கே ஏறுகிறது.

ஆனால் உங்கள் மணல் ஏற்கெனவே உலைக்குள் இருக்கிறது அண்ணே, தோரியமாக அல்ல! அதே மணலில் சிர்கான் இருக்கிறது. அதிலிருந்து சிர்கோனியம் எடுக்கத் தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் ஆலையே உண்டு. எரிபொருள் வில்லைகளை அடைக்கும் குழல் அந்த உலோகக் கலவைதான். நான் கையில் ஏந்திய புது எரிபொருள் கட்டு, அரை மீட்டர் நீளம், 16 கிலோ சுமார், பத்தொன்பது மெல்லிய குழல்கள்; துணிக் கையுறை போதும், இயற்கை யுரேனியம் அவ்வளவு சாது. உலைக்குள் போய் வந்த பிறகு அதன் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. கல்பாக்கத்து உலை ஒன்றில் 306 குழாய்களில் இப்படி 3672 கட்டுகள். உலை ஓடும்போதே இரண்டு பக்கமும் இயந்திரம் வந்து பொருந்தி, ஒரு பக்கம் புதியதைத் தள்ளி மறுபக்கம் பழையதை வாங்கிக்கொள்ளும்.

சிர்கோனியத்தை ஏன் தேர்ந்தார்கள்? அது நியூட்ரானைத் தின்பதில்லை. மணலில் அதோடு கூடவே இருக்கும் ஹாஃப்னியமோ வாரி வாரித் தின்னும். அதைப் பிரித்து எடுத்தால்தான் குழலுக்கு ஆகும். சிர்கோனியத்தின் குறை, 1200 டிகிரியை ஒட்டி நீராவியோடு மூர்க்கமாகச் சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்புவது. அதனால் இப்போது குழலின் மேல் மெல்லிய குரோமியப் பூச்சு பூசிப் பார்க்கிறார்கள். வேறு எத்தனையோ ஆடம்பரமான யோசனைகளைவிட இந்தப் பூச்சின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். உலையை மாற்ற வேண்டாம், குழலை மாற்றினால் போதும்.

*சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும் என்று கெமிஸ்ட்ரி லேபில் பார்த்தோம். அதைப் போய் ஏன் உலைக்குள் விடுகிறார்கள்?*
— பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

வேக ஈனுலையில் நியூட்ரானின் வேகம் குறையக் கூடாது. தண்ணீர் விட்டால் குறைந்துவிடும். அடுத்து, சோடியம் கொதிக்க 883 டிகிரி வேண்டும். கல்பாக்கத்து 500 மெகாவாட் ஈனுலையில் அது 547 டிகிரியில்தான் வெளியே வரும். ஆகவே அழுத்தமே தேவையில்லை; கலன் உடைந்தாலும் வெடித்துச் சிதறாது. வெளியே இன்னொரு கலன், நடுவில் நைட்ரஜன், மேலே ஆர்கான். கதிரியக்கமுள்ள சோடியம் தண்ணீரைச் சந்திக்கவே சந்திக்காது. நடுவில் இரண்டாவது சோடியச் சுற்று ஒன்று இருக்கிறது. அந்த இரண்டாவது சுற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு குழாய்ச் சுவர்தான் இருக்கிறது, அதுதான் தலைவலி. ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் சோடியத்தில் ஹைட்ரஜன் கூடுவதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். ஜப்பானின் மொஞ்சு உலையில் 1995-ல் சோடியம் கசிந்து எரிந்தது. ஒரு வெப்பமானி உறை முறிந்ததுதான் காரணம். கரண்ட் போனால்? உயரமான புகைபோக்கிகளில் சூடான சோடியம் தானே ஏறிக் காற்றில் ஆறி இறங்கும். என் வால்வுக் கேள்விக்கு நல்ல பதில்.

*சின்னச் சின்ன அணு உலைகள் வரப்போகின்றனவாம், ஊருக்கு ஒன்று வைக்கலாமாம். எங்கள் பக்கம் போர்வெல் பம்பு ஓட்ட நல்லதுதானே?*
— தென்னை விவசாயி, கொழிஞ்ஞாம்பாறை

சின்ன உலையில் மிச்சச் சூடும் சின்னது, அதை வெளியே விடச் சுவரின் பரப்பு தாராளம். இந்த வாதம் சரியானது. சீனாவின் ஷிதாவ்வானில் 2023 டிசம்பரில் வணிக ஓட்டத்துக்கு வந்த உலையில், ஆறு சென்டிமீட்டர் கிராபைட் உருண்டைகளுக்குள் யுரேனியத் துகள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துகளுக்கும் தனிப் பூச்சு, 1600 டிகிரி தாங்கும். குளிர்விப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். யாரும் எதையும் தொடாமல் தானாக ஆறியது. அங்கே விழ வேண்டிய வால்வே இல்லை.

காசு வேறு கதை. பாதுகாப்புக் காவல், ஆள், உரிமம், வேலி எல்லாம் சின்னதற்கும் வேண்டும். யூனிட் விலையில் வந்து உட்காரும். அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு சிறு உலைத் திட்டம் விலை ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. ரஷ்யர்கள் கப்பலில் இரண்டு 35 மெகாவாட் உலைகளை வைத்துப் பேவெக் துறைமுகத்தில் ஓட்டுகிறார்கள். அந்தப் பனிப்பிரதேசத்தில் வேறு வழி விலை அதிகம், கட்டுபடியாகும். கொழிஞ்ஞாம்பாறையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பம்பு ஓட்ட சோலார் தட்டு போதும். யாராவது உங்கள் பஞ்சாயத்தில் படம் காட்ட வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: யூனிட் என்ன விலை, எரிந்த எரிபொருளை எந்த ஊரில் வைப்பீர்கள்?